பச்சை மையில் ஒரு கையொப்பம்

பார்சிலோனாவில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழம்புத்தகக் கடையொன்றில் எடுத்தது. பழுப்பேறிய தலைப்புப் பக்கம். மேலே பாப்லோ நெரூதா என்று அச்சில். நடுவில் 'லாஸ் உவாஸ் இ எல் வியெந்தோ', அதாவது 'திராட்சைகளும் காற்றும்'. அடியில் சாந்தியாகோ, நாசிமெந்தோ பதிப்பகம், 1954. தலைப்புக்குச் சற்றுக் கீழே, சாய்வாக, பச்சை மையில் அதே பெயர் இன்னொருமுறை, கையால். நெரூதா பச்சை மையில் எழுதுபவர் என்பது எங்கள் தலைமுறைக் கவிஞர்களுக்குப் பால பாடம். நம் ஊரில் பச்சை மை சான்றொப்பமிடும் அதிகாரிக்கு உரியது என்று தெரிந்தும் நாங்கள் இரண்டு மூன்று பேர் கொஞ்ச காலம் பச்சைப் பேனாவோடு அலைந்தோம்.

"உன் ஆளோட கையெழுத்துடி. முதல் பதிப்பு. வாங்கிடட்டா?" என்று கீழே எழுதியிருந்தாள்.

விலை எனக்கு இரண்டு மாதச் சம்பளம். பணம் ஒரு பொருட்டே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடத்துக்கு முன்பென்றால் வளையலை அடகு வைத்தாவது வாங்கச் சொல்லியிருப்பேன். இந்தமுறை பதில் எழுத நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் நான் திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டு யோசித்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புத்தகம். நெரூதாவின் ரசிகர்களே அதிகம் பேசாத புத்தகம் அது. 1948இல் சிலியின் அரசுத் தலைவர் கொன்சாலெஸ் விதெலா கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்தார். செனட்டராக இருந்த நெரூதா தலைமறைவானார். 1949இன் தொடக்கத்தில் குதிரைமீது ஆந்திஸ் மலையைக் கடந்து அர்ஜெந்தினாவுக்குப் போனார். பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் நாடற்ற பயணம்: பாரிஸ், பிராக், மாஸ்கோ, வார்சா, பீகிங், கடைசியில் இத்தாலியின் காப்ரித் தீவு. போகுமிடமெல்லாம் எழுதியவற்றின் தொகுப்பே 'திராட்சைகளும் காற்றும்'. பயணக் கவிதை, அரசியல் கவிதை இரண்டும் ஒன்றாகக் கலந்தது. போரில் இடிந்த நகரங்கள் மறுபடி எழுவதையும் புதிய சீனத்தையும் தொழிற்சாலைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கண்டு பாடிக்கொண்டே போகிறார். ஸ்டாலினுக்கான இரங்கற்பாவும் இதில்தான் இருக்கிறது. தன் புத்தகங்களிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இது, ஒருவேளை அதனாலேயே இதன்மேல் தனக்குத் தனி வாஞ்சை என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதினார்.

எனக்கும் அந்த வாஞ்சை இருந்தது. இப்போது திரும்ப வாசித்தால் விருந்தாளியின் கவிதை என்று தோன்றுகிறது. அரசாங்கம் அழைத்துப்போய்க் காட்டுவதைப் பார்ப்பவருக்குக் கதவுகள் முன்கூட்டியே திறந்திருக்கும். கைகுலுக்குகிறவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பயணக் கவிதையின் அடிப்படை வாக்கியம் 'நான் வந்தேன், கண்டேன், எனக்குத் தெரியும்' என்பது. அரசியல் கவிதை அதோடு 'நான் உங்களில் ஒருவன்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது சாட்சியாகவும் சகோதரனாகவும் ஒரே ஆள் நிற்கிறார். இந்த இரட்டை அதிகாரத்தைத்தான் எங்கள் மே தின மேடைகளில் நாங்கள் இரவல் வாங்கினோம்.

'ஆசியாவில் காற்று' என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. ஆசியா விழித்தெழுந்ததைப் பாடும் பகுதி. அதைப் பாடுகிறவர் ஆசியாவுக்குப் புதியவரல்லர். 1927இல், 23 வயதில், சிலியின் கௌரவத் தூதராக ரங்கூனுக்கு வந்தவர் அவர். சென்னைக்கும் வந்திருக்கிறார், கடற்கரையில் இருந்த மீன் காட்சியகத்தைப் பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். 1929இல் கொழும்பு, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு பங்களா. 1930இல் பத்தாவியா. 'பூமியில் வாசம்' நூலின் முதல் தொகுதி பெரும்பாலும் இந்த வருடங்களின் விளைவு. அது 1933இல் வெறும் 100 படிகள் அச்சானது.

வெள்ளவத்தைப் பங்களாவில் நடந்த ஒன்றை அவர் கடைசிக் காலத்தில் எழுதிவைத்தார். அவர் இறந்த மறுவருடம், 1974இல், 'வாழ்ந்தேன் என ஒப்புக்கொள்கிறேன்' என்ற தலைப்பில் நினைவுக்குறிப்பு வெளிவந்தது. அதில் ஒன்றரைப் பக்கம். பங்களாவின் கழிப்பறை வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. கீழே வைத்த வாளி தினமும் எப்படியோ சுத்தமாகிவிடுகிறது. எப்படி என்று அறிய ஒருநாள் அதிகாலையில் எழுந்து பார்க்கிறார். ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். மலக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். இலங்கையில் தான் கண்ட மிக அழகான பெண் அவள் என்கிறார். புடவையின் நிறத்தை, காலிலிருந்த கனத்த தண்டையை, மூக்கில் மின்னிய சிவப்புப் புள்ளியை வர்ணிக்கிறார். கூப்பிடுகிறார், அவள் திரும்பவில்லை. பழமோ பட்டுத்துணியோ வழியில் வைக்கிறார், அவள் பார்க்கவில்லை. ஒருநாள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோகிறார். அவள் முழு நேரமும் கண்களைத் திறந்துவைத்திருந்தாள், எந்த அசைவும் இல்லை, சிலையோடு கூடியது போலிருந்தது என்று எழுதுகிறார். அவள் தன்னை வெறுத்தது நியாயமே என்றும், பிறகு அது நடக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.

இதற்கு வன்புணர்வு என்று பெயர். நான் அந்தப் பக்கத்தை முதன்முதலில் ஆங்கிலத்தில் வாசித்தபோது எனக்கு 25 வயது. முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். பெண்ணியம் பேசிக்கொண்டும் இருந்தேன். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போர் பற்றிய பக்கங்களில் நான் பென்சிலால் போட்ட கோடுகள் நிறைய உண்டு. அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் 2004இல் அவருடைய நூற்றாண்டு நிகழ்ச்சியொன்றில் அவர் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

நான் நிறுத்திப் படித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், வகுப்பில். மொழிபெயர்ப்புக் கவிதைகள் என்று ஒரு அலகு எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு. என் மாணவிகள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்கிறார்: இரும்புருட்டாலை, பிளாஸ்டிக் வார்ப்பு, பொட்டலம் கட்டுதல். சிலர் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருகிறவர்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றப்பட்டது. பேச்சில் இன்னும் 'கேம்ப்'தான். கவிஞரை அறிமுகப்படுத்தும்போது கொழும்பில் இருந்தார், வெள்ளவத்தையில் வீடு என்றேன். முகாமிலிருந்து வரும் பெண் முகம் மலர்ந்து, "வெள்ளவத்தையா அம்மா? அங்க எங்கட அம்மாவின்ர அக்கா இருக்கிறா. இப்ப அது தமிழாக்கள் இருக்கிற இடம்" என்றாள். அந்த மலர்ச்சிக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வகுப்பில் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன், எதையும் மெழுகாமல்.

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அவங்க பேர் என்னன்னு இவர் கேக்கவே இல்லையாம்மா?"

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழி இல்லன்னு எழுதியிருக்கார்" என்றேன்.

"பேர் கேக்கறதுக்கு மொழி எதுக்கும்மா? நெஞ்சத் தொட்டு நம்ம பேரச் சொல்லிட்டு, அவங்க பக்கம் கை காட்டினா அவங்க சொல்லிடப் போறாங்க. எங்கம்மா கம்பெனில கக்கூஸ் கழுவறாங்க. கூட ரெண்டு ஒடிசாக்கார அக்கா. அப்படித்தான் பேர் தெரிஞ்சிக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்தாள்: "சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியும். அவர் 'ஏ, ஹவுஸ்கீப்பிங்'னுதான் கூப்பிடுவார்."

என் ஆய்வறிஞர்கள் யாரும் எனக்குத் தராத விமர்சனக் கருவியை அவள் தந்தாள். பெயர் கேட்டிருக்கிறாரா என்று பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நினைவுக்குறிப்பின் இலங்கை அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். அவருடைய வேலைக்காரப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. அவர் வளர்த்த கீரிக்குப் பெயர் இருக்கிறது: கீரியா. நமக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. யாரோ கீரி என்று சொல்ல, அதைக் காதில் வாங்கி, அன்போடு பெயராக்கியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டு வைத்துக்கொள்ளும் காது அவருக்கு இருந்தது. அந்தப் பெண்ணின் பெயருக்கு அது திறக்கவில்லை.

பர்மாவில் அவரோடு வாழ்ந்த பெண்ணை ஜோஸி பிளிஸ் என்கிறார். அது அவள் வெளியில் வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர், அவளுக்கொரு பர்மியப் பெயர் உண்டு என்று சொல்கிறாரே தவிர, அதைத் தரவில்லை. 1934இல் மத்ரிதில் மூளையில் நீர் கோத்த நோயோடு பிறந்து, எட்டு வயதில் நெதர்லாந்தில் இறந்த மகள் மால்வா மரீனாவின் பெயரும் அந்த நினைவுக்குறிப்பில் இல்லை.

பெயரின்மை எல்லாமே கொடுமை என்று நான் சொல்லவில்லை. தமிழ் படித்தவள் அப்படிச் சொல்ல முடியாது. நம் அகத்திணை மரபே பெயர் சுட்டாமையில் நிற்பது. காதலில் இருப்பவர்களை இயற்பெயரால் குறிக்கக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் அது புறம். ஆனால் அங்கே தலைவிக்கு மட்டும் பெயர் இல்லாமல் இல்லை. தலைவனுக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. எல்லோரும் சமமாகப் பெயரற்றவர்கள். வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒருவருக்கு உலகறிந்த பெயர், அட்டையில் அச்சிட்ட பெயர், பச்சை மையில் ஒப்பமிட்ட பெயர். இன்னொருவருக்குப் பெயர் இல்லை. அகத்தின் பெயரின்மை இருவரையும் காக்கிறது. இந்தப் பெயரின்மை ஒருவரை மட்டும் அழிக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் இலக்கணத்தை மெச்சி உட்கார்ந்துவிடவும் முடியாது. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. பிறர் ஏவலில் உழைப்பவர்களின் காமத்துக்குக் கைக்கிளையும் பெருந்திணையும்தான் இடம் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். உழைக்கும் பெண் நம் காதல் கவிதையின் நடுமுற்றத்துக்குள் வர அனுமதி இல்லாதவள். ஒருதலைக் காமத்தையும் பொருந்தாக் காமத்தையும் அவர்கள் தலையில் கட்டிய இலக்கணத்தை 20 வருடமாக மனப்பாடமாக நடத்துகிறேன். அந்தச் சூத்திரத்தை நெரூதாவின் பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க இவ்வளவு காலம் ஆயிற்று.

நெரூதாவுக்குப் பெயரின்மை என்னவென்று நன்றாகத் தெரியும் என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 'மாச்சு பிச்சுவின் சிகரங்கள்' கவிதையின் உயிரே அது. மலைமேல் நிற்கும் கல் நகரத்தைப் பார்த்து, இதைக் கட்டியவர்கள் எங்கே என்று கேட்கிறார். பெயரில்லாமல் செத்த அடிமைகளுக்குப் பெயர் உண்டாக்கித் தருகிறார்: கல் உடைப்பது, குளிரில் பசித்திருப்பது, காலணி இல்லாதது என்று வேலையையும் வறுமையையும் வைத்து மூன்று பெயர்கள். மூன்றுக்கும் முன்னொட்டு ஹுவான். மூன்றும் ஆண்கள். கடைசியில், தன் வாய் வழியாக அவர்கள் பேசட்டும் என்று அழைக்கிறார். நூற்றாண்டுகளுக்கு முன் செத்த ஆண்களின் பெயரைக் கற்பனையில் தேடிப்போன கவிக்கு, அதற்குப் பதினாறு வருடம் முன்னால், தன் மலத்தை எடுத்துச் சென்ற, உயிரோடிருந்த பெண்ணின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. நான் இந்தக் கவிதையைச் சிறியதென்று சொல்ல வரவில்லை. இப்போதும் அதை வாசித்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அந்த வாய் யாரையெல்லாம் பேசவிடும் என்ற கேள்வி இனி அந்தக் கவிதைக்குள்ளேயே இருக்கும்.

அவருக்கும் பெயரில்லாமல் இருக்க வாய்த்தது ஒருமுறை. 'தலைவனின் கவிதைகள்' 1952இல் நேபிள்ஸில் 44 படிகள் மட்டும் அச்சானது, ஆசிரியர் பெயரில்லாமல். மத்தில்தே உர்ருத்தியாவின் மேலான காதலை அப்போதைய மனைவி தெலியாவிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது. 1963இல் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டு பெயர் போட்டுக்கொண்டார். பெயரை மறைக்கும் உரிமையும் வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருப்பவருக்குப் பெயரின்மை ஒரு வசதி.

'வாழ்க்கை வேறு, படைப்பு வேறு' என்பார்கள். தோழர்களும் சொன்னார்கள். அந்தப் பக்கம் வாழ்க்கையில்லை ஐயா, அதுவும் படைப்புதான். 'பூமியில் வாசம்' எழுதிய அதே கை, அதே உத்திகளோடு எழுதியது. நெரூதாவின் பெருங்கலை என்ன? பொருள்களைத் தொட்டுப் பார்க்கவைப்பது. வெங்காயம், காலுறை, உப்பு, கல், பெண்ணின் இடுப்பு, எல்லாவற்றையும் ஒரே ஆசையோடு தடவிப் பார்க்கும் சொற்கள். பெண்ணை மண்ணாக, கனியாக, கடலாக மாற்றும்போது நாம் கிறங்கினோம். அதே மாற்றுவித்தை வெள்ளவத்தையில் ஒரு பெண்ணைச் சிலையாக மாற்றுகிறது. சிலைக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. சிலை பதில் பேசாததில் வியப்பில்லை. உருவகம் இங்கே அலங்காரமாக வரவில்லை. குற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும் தூணாக வருகிறது. அதை எடுத்துவிட்டு, வேலைக்கு வந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான் என்று மட்டும் எழுதிப்பாருங்கள், அந்தப் பத்தி நிற்காது.

'அவரே ஒப்புக்கொண்டாரே' என்பது இன்னொன்று. தலைப்பிலேயே ஒப்புதல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒப்புதல் யாரிடம்? வாசகரிடம். மன்னிப்பு கேட்கப்பட வேண்டியவள் அந்தப் புத்தகத்தை வாசிக்கப் போவதில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்பவர்களுக்கு: அந்தக் காலத்திலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உண்மையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அந்தப் பக்கத்தில் அவர் அறியாமல் அவளைப் பற்றிப் பதிவாகியிருப்பவை. கூப்பிட்டால் திரும்பாமை. பழத்தையும் பட்டையும் தொடாமை. நடையை மாற்றாமை. கடைசிவரை கண்ணை மூடாமை. இவை அத்தனையும் மறுப்பு. மொழி இல்லை என்று அவர் எழுதுகிறார். அவள் ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். புரியாத மாதிரி இருந்தது அவர்தான்.

அவளைப் பரையா சாதி என்று குறிக்கிறார். ஸ்பானியத்தில் 'பரியா'. நம் 'பறையர்' கடல் கடந்து ஐரோப்பிய மொழிகளில் 'தள்ளப்பட்டவர்' என்ற பொதுச்சொல்லாகி, அங்கிருந்து ஒரு கவியின் வாயேறி மறுபடி ஒரு தமிழ்ப் பெண்மேல் வந்து விழுகிறது. கொழும்பு நகரத்தின் மலம் அள்ளப் பிரிட்டிஷ் ஆட்சியில் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் அருந்ததியர் ஏராளம். அவள் எந்தச் சாதி என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வழியில்லை, தேவையும் இருக்கவில்லை. சிலியின் பெண்ணியர்களுக்கு இது தெரியாமல் போகலாம். அவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள்: 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயரைச் சூட்டும் யோசனை நாடாளுமன்றக் குழுவில் ஏற்கப்பட்டபோது, இந்தப் பக்கத்தைக் காட்டி எதிர்த்தார்கள். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்பொராதா' என்று இதைப் படமாகவே எடுத்தார். தமிழ்ப் பெண் ஒருத்திக்கு நடந்தது என்று அறிந்த நாம்? ஈழத்துப் பெண்களின் துயரத்தைப் பாடக் கூட்டம் போட்ட மேடைகளில் இந்தப் பெண் வரவில்லை. அவள் தமிழ்ப் பெண் என்பதைவிட, மலம் அள்ளியவள் என்பது நம் நினைவில் முந்திக்கொண்டதா? எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு, என்னையும் சேர்த்து.

இங்கே சுகிர்தராணியின் 'கைமாறு' கவிதையை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் மலம் அள்ளும் பெண்ணைப் பற்றியதுதான். ஆனால் பார்ப்பவள் அழகை எடைபோடும் இடத்தில் நிற்கவில்லை. கடன்பட்ட இடத்தில் நிற்கிறாள். தலைப்பே அதைச் சொல்கிறது. பார்வையின் இடம் மாறினால் கவிதையின் இலக்கணமே மாறிவிடுகிறது என்பதற்கு நெரூதாவின் ஒன்றரைப் பக்கத்தையும் இந்தச் சிறு கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் நீக்கியபோது சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. 'கைமாறு' அதில் ஒன்று. நெரூதாவின் கவிதையைச் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலில் படித்துவந்திருக்கிறார்கள். அது மௌனமாக இருப்பதைப் பற்றிய கவிதை.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் இன்னொன்று. சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்களின் குடும்பத்துக்குத் தரவேண்டிய தொகையை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்று உயர்த்தியது. சட்டம் இருக்கும்போதே வேலையும் இருக்கிறது, 'ஹவுஸ்கீப்பிங்' என்ற பெயரில். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் பார்த்தபோது என்னை உலுக்கியது நாற்றமோ காட்சியோ அல்ல. அந்தப் பெண்கள் கேமராவைப் பார்த்துத் தாங்களே பேசியது. அவர்கள் வாய் வழியாக வேறு யாரும் பேசவில்லை.

என் கணக்கையும் இங்கே வைத்துவிடுகிறேன். என் முதல் தொகுப்பில் செங்கல் சூளைப் பெண்ணைப் பற்றி ஒரு கவிதை உண்டு. எங்கள் மாவட்டத்தில் சூளைகள் அதிகம். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஊத்துக்கோட்டைச் சாலையில் பேருந்து பழுதாகி நின்ற அரைமணி நேரத்தில் அவளைப் பார்த்தேன். ஈரக் கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு நடந்தாள். கவிதையில் அவளைக் கருங்கல் சிற்பம் என்று எழுதினேன். பலரும் பாராட்டிய உவமை அது. ஒருவர் நெரூதாவின் சாயல் இருக்கிறது என்று மதிப்புரையில் எழுதினார். அதை வெட்டி வைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் எனக்கு இருந்தது. நெஞ்சைத் தொட்டு என் பெயரைச் சொல்லி அவள் பக்கம் கை நீட்டியிருக்கலாம். நான் செய்தது அவர் செய்ததற்கு ஈடல்ல. ஆனால் அந்த உவமையை எந்தப் பட்டறையில் கற்றேன் என்று இப்போது தெரியும். மறுபதிப்புக்குக் கேட்கிறார்கள். அந்தக் கவிதையை எடுத்துவிடுவதா, இருக்கவிட்டு அதன்கீழ் இந்தக் கதையைச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எடுத்துவிடுவது சுலபம், அதனாலேயே தயங்குகிறேன்.

நெரூதாவை வகுப்பிலிருந்து எடுக்கவில்லை. மாச்சு பிச்சுவை நடத்துகிறேன். அடுத்த வகுப்பில் வெள்ளவத்தை. அதற்கடுத்து 'கைமாறு'. இந்த வருடம் அந்த மூன்றாவது வகுப்புக்கு முன்னால், கடைசி பெஞ்சுப் பெண் தன் அம்மாவின் ஊதியச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். சீட்டில் ஒரு தொகை, கையில் வந்தது வேறு தொகை. கீழே அம்மாவின் கையெழுத்து. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவருக்கு மகள்தான் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். "அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்குடுத்ததே நான்தாம்மா. இப்ப அதையே அவங்களுக்கு எதிரா வச்சிருக்காங்க" என்றாள். தொழிலாளர் துறைக்கு மனு எழுத உட்கார்ந்தோம். பெயர் என்ற இடத்தில் அம்மாவின் முழுப்பெயரை அவள் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

தோழிக்கு ஐந்தாம் நாள் பதில் போட்டேன். "வாங்க வேண்டாம். கடைக்காரர் விடுவாரென்றால் 'ஆசியாவில் காற்று' பகுதியை மட்டும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. உனக்குத்தான் ஸ்பானியம் தெரியுமே, வரிக்கு வரி பொருளும் சொல்லு. பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும்."

"கையெழுத்துப் பக்கம் வேண்டாமா?" என்று கேட்டிருந்தாள்.

அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்றேன்.